கலவையாக வாங்கிய பைசாந்தியக் காசுகளை அடையாளம் காண்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் காசு சேகரிக்கத் தொடங்கிய ஒருவர், மலிவாக வாங்கிய முப்பது பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) செப்புக் காசுகளை என் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் பேரரசரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் பார்த்தேன். காசை வினிகரில் ஊறப்போடக் கூடாது என்பது போன்றவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முகத்திலிருந்து தொடங்குவது

முகம் தேய்ந்திருக்கும், பின்பக்கத்துப் பெரிய எழுத்து பெரும்பாலும் பிழைத்திருக்கும். 498-இல் பேரரசர் அனஸ்தாசியஸ் செய்த நாணயச் சீர்திருத்தத்துக்குப் பின், எம் என்பது 40 நும்மி (மிகச் சிறிய செப்புக் காசின் அலகு), கே 20, ஐ 10, ஈ 5 என்று மதிப்பைக் காட்டுகிறது. அதற்கு அடியில் இருப்பது அக்கசாலையின், அதாவது காசு அடித்த இடத்தின், பெயர். ‘தியூப்’ என்று படிக்கக் கிடைத்தால் அதைப் பேரரசர் பட்டியலில் தேட வேண்டாம். 528 நிலநடுக்கத்துக்குப் பின் தியோபோலிஸ் என்று பெயர் மாறிய அந்தியோக்கியா நகரம்தான் அது. பேரரசர் ஜஸ்டினியன் 538-இல் ஆட்சியாண்டைப் பொறிக்கச் செய்ததால், இடப்புறம் ‘அன்னோ’ (இலத்தீனில் ‘ஆண்டில்’) என்றும் வலப்புறம் எண்ணும் இருந்தால் காசு அதற்கு முந்தையதன்று.

இரண்டு அச்சுகளை ஒன்றாகப் படிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்தில் (610–641) புதிய செப்பு வில்லைகளுக்குப் பதிலாக முந்தைய பேரரசர்களின் காசுகள்மேலேயே புதிய அச்சைப் பெருமளவில் அடித்தார்கள். பழைய அச்சு முழுவதும் அழியாமல் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். என் முதல் பொட்டலத்துக் காசு ஒன்றின் ஓரத்தில் எஃப், ஓ, சி, ஏ என்ற நான்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்ததால், ஹெராக்ளியஸுக்கு முன் ஆண்ட ஃபோகாஸின் பெயரை உறையில் எழுதிவிட்டு, நடுவே மேடிட்டிருந்த கோடுகளைக் களிம்பு என்று எண்ணி மூன்று மாலைகள் ஊசியால் சுரண்டினேன். நான் சுரண்டி எடுத்தது ஹெராக்ளியஸின் நீண்ட தாடியையும் அவர் கையிலிருந்த நெடுஞ்சிலுவையையும். செம்பு பளபளத்த பிறகுதான் காசைத் திருப்பினேன். எம் எழுத்தின் வலப்புறம் இருபது என்று இருந்தது. எட்டே ஆண்டுகள் ஆண்ட ஃபோகாஸுக்கு இருபதாம் ஆண்டு ஏது? அது 629–630-இல் ஹெராக்ளியஸ் தம் மகனோடு நிற்கும் காசு.

ஆட்சியாண்டைப் பேரரசரோடு ஒத்துப் பார்த்திருந்தால் அன்றே தப்பியிருப்பேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஃபோகாஸின் காசுகள் பலவற்றில் எம்முக்குப் பதிலாக நான்கு எக்ஸ்கள் பெரிதாக நிற்கும் என்பதால், அவற்றின் மிச்சத்தை ஆண்டு எண்ணாகப் படித்துவிடக் கூடாது. சாய்வான வெளிச்சத்தில் காசை மெல்லச் சுழற்றினால், நசுங்கித் தட்டையானவை பழைய கோடுகள் என்றும், அவற்றைக் குறுக்கே வெட்டி உடையாமல் செல்பவை புதியவை என்றும் பிரிந்து தெரியும்.

“சார், இந்த அழுக்கை மட்டும் எடுத்துவிடட்டுமா?” என்று அந்த நண்பர் ஊசியை எடுத்தபோது, கையைப் பிடித்துத் தடுத்தேன்.

எடை போடாமல் விடுவது

538-ஐ ஒட்டிய எம் காசு 20 கிராமைத் தாண்டும். ஹெராக்ளியஸின் பேரன் இரண்டாம் கான்ஸ்டன்ஸின் எம் காசு 5 கிராமைச் சுற்றியே நிற்கும் என்பதால், எடையே காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கிறிஸ்துவைப் பேரரசர் என்று எண்ணுவது

ஒளிவட்டத்துக்குள் சிலுவை தெரிந்தால் அது கிறிஸ்து. சுமார் 970 முதல் 1092 வரை வந்த பெயரற்ற ஃபோலிஸ் (பெரிய செப்புக் காசு) காசுகளில் பேரரசர் பெயரே கிடையாது. அவற்றிலும் பல ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கப்பட்டவை என்பதால் அவற்றின்மீதும் ஊசி படக் கூடாது.