எலிக்கு மூலிகை கொடுத்து டெஸ்ட் பண்றப்போ எங்க சொதப்புறாங்க?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா கடைங்கள்ல மூலிகை கேப்சூல் பத்தி கேட்டா "எலில டெஸ்ட் பண்ணதுதான், பயப்படாதீங்க"ன்னு சொல்லிடுவாங்க. சிங்கப்பூர்ல ஹெல்த் சப்ளிமென்ட் விக்கிறதுக்கு எச்எஸ்ஏ (மருந்துங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) லைசென்ஸ் முன்கூட்டியே வாங்கணும்னு இல்ல, பாதுகாப்புக்கு விக்கிறவங்கதான் பொறுப்பு, அதனால அந்த டெஸ்ட் எப்படி நடந்துச்சுன்னு நாமதான் கேக்கணும்.

90 நாள் பார்த்துட்டு "லாங் டேர்ம் சேஃப்"னு எழுதுறது சர்வசாதாரணம். இந்த மாதிரி டெஸ்டுக்கு வழிமுறை வகுக்குற சர்வதேச அமைப்பு ஓஈசிடி, அதோட கணக்குல நாள்பட்ட நச்சுக்கு 12 மாசம், எலில கேன்சர் பார்க்க 24 மாசம்.

அடுத்தது, டெஸ்ட் பண்ணது ஒண்ணு, விக்கிறது வேறொண்ணு. சோத்துக்கத்தாழையையே எடுத்துக்கோங்க, அமெரிக்க அரசோட நச்சு ஆராய்ச்சித் திட்டமான என்டிபி கத்தாழையோட முழு இலைச் சாறை 2 வருஷம் எலிங்களுக்குத் தண்ணில கலந்து கொடுத்தப்போ பெருங்குடல்ல கட்டி வந்துச்சு, ஆனா அது மஞ்சப் பாலை வடிகட்டி எடுக்காத சாறு, உள்ள இருக்குற ஜெல்லு கிடையாது. ரெண்டையும் "கத்தாழை"ன்னு ஒரே பேர்ல எழுதினா பயமுறுத்துறதும் தப்பு, தைரியம் சொல்றதும் தப்பு.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது தீனி விஷயம்தான். பவுடரைத் தீனில 1% கலந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, குட்டி எலி தன் எடைக்கு நிறைய திங்கும், வளர்ந்த எலி பாதிதான் திங்கும், அப்போ அதே 1% ஆரம்பத்துல கிலோ எடைக்கு சுமார் 1000 மில்லிகிராம், அப்புறம் 500ன்னு இறங்கிடும். அதுக்கும் மேல கசப்பு! கசந்தா எலி சிந்தி விளையாடும், திங்காது, எடை குறையும், உடனே "நச்சு"ன்னு ரிப்போர்ட் வரும், பட்டினின்னு யாருக்கும் தோணாது. சிந்துனதையும் சேத்து வாராவாரம் எடை போடணும், எலி எடைக்குத் தக்க கலவையை மாத்தணும்.

எலிக்குத் தாங்குன டோஸை அப்படியே மனுஷனுக்குப் போடவும் கூடாது. எலிக்கு ஒண்ணும் ஆகாத அளவு கிலோ எடைக்கு 1000 மில்லிகிராம்னா வழக்கமா பாதுகாப்புக்காக 100ஆல வகுப்பாங்க, கிலோவுக்கு 10 ஆகும், அப்போ 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம்தான்.

வயசான எலிக்கு மார்பு, பிட்யூட்டரி கட்டி தானாவே வரும், அதனால மூலிகை கொடுக்காத கன்ட்ரோல் குரூப்போட ஒப்பிடாம பேசவே முடியாது. கேன்சர் டெஸ்ட்ல ஒரு குரூப்புக்கு ஆண் 50, பெண் 50 வைக்கிறது அதுக்குத்தான். எதிக்ஸ் கமிட்டி எண்ணிக்கையைக் கொறைக்கச் சொல்லுதேன்னு அஞ்சாறு எலியோட முடிச்சா ஒண்ணும் தெரியாது, அந்த எலிங்களும் வீண்.