யுனிகோடு அறியாத ரெஜெக்ஸை ஈஎஸ்லிண்ட் கொண்டு தடுப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) 16 பிட் அலகுகளின் வரிசையாகவே வைத்திருக்கிறது. தமிழின் அன்றாட எழுத்துக் குறிகள் அனைத்தும் ஓர் அலகுக்குள் அடங்கிவிடுவதால் இதனால் வரும் சிக்கல் நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஆனால் எமோஜிகளுக்கும், 2019-இல் யுனிகோடு 12-இல் இடம்பெற்ற முந்திரி (1/320) முதலான தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் இரண்டு அலகுகள் தேவை. உரையில் வடிவங்களைத் தேட எழுதும் ரெஜெக்ஸில் 'ஏதேனும் ஒரு குறி' என்று பொருள்படும் புள்ளி, யுனிகோடு முறையில் படிக்கச் சொல்லி ரெஜெக்ஸின் இறுதியில் இடும் 'யூ' ஃபிளாக் இல்லாதபோது அவற்றில் பாதியை மட்டுமே பிடிக்கும். அதை நீக்கினால் மீதிப் பாதி திரையில் வெற்றுக் கட்டமாக நிற்கும்.

இதைவிடக் கொடியது, பிழைச் செய்தியே வராத இன்னொரு நிலை. 2018-இல் மொழியில் சேர்ந்த யுனிகோடு பண்புக் குறியீட்டைக் கொண்டு, அதாவது பின்சாய்வுக்கோடு, 'பி', நெளிவு அடைப்புக்குள் 'ஸ்கிரிப்ட்=டமில்' என்று எழுதி, தமிழ் எழுத்துகளைத் தேடலாம். ஃபிளாக்கை மறந்துவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதே ஆங்கில எழுத்துகளைச் சரத்தில் தேடும். தமிழ்ப் பெயர் எதுவும் பொருந்தாது. இந்த மறதியை மனித மேற்பார்வையால் மட்டும் தடுக்க முடியாது என்பதால்தான், நிரலை இயக்காமலேயே படித்துத் தவறுகளைச் சுட்டும் லிண்டர் தேவைப்படுகிறது.

ஜாவாஸ்கிரிப்டுக்கான லிண்டரான ஈஎஸ்லிண்டில் இதற்கென்றே 'ரிக்வயர்-யுனிகோட்-ரெஜெக்ஸ்ப்' என்ற விதி இருக்கிறது. அது பரிந்துரைத் தொகுப்பில் இல்லாததால், அமைவுக் கோப்பின் விதிகள் பகுதியில் நீங்களே சேர்க்க வேண்டும். பழைய நிரலாக இருந்தால் முதலில் 'வார்ன்' என்று வைத்து, எச்சரிக்கைகளைத் தீர்த்த பிறகு 'எரர்' என்று மாற்றுங்கள். 2024-ஆம் ஆண்டுத் தரத்தில் 'யூ'வுக்கு மாற்றாக வந்த 'வீ' ஃபிளாக்கையே எங்கும் கட்டாயமாக்க விரும்பினால், 'ரிக்வயர்ஃபிளாக்' என்ற விருப்பத்தில் அதைக் குறிப்பிடலாம். இரண்டு ஃபிளாக்குகளையும் ஒரே ரெஜெக்ஸில் சேர்த்து இடக்கூடாது.

இந்த விதி சுட்டும் இடங்களை 'ஃபிக்ஸ்' கட்டளை தானாகத் திருத்தாது. எடிட்டரில் பரிந்துரை மட்டுமே காட்டும். அதுவே சரியான முடிவு என்பேன், ஏனெனில் ஃபிளாக் சேர்ந்தால் இலக்கணமும் கடுமையாகிறது. தொலைபேசி எண்ணின் இடைக்கோட்டுக்கு முன்னால், சதுர அடைப்புக்கு வெளியே, தேவையில்லாமல் இட்ட பின்சாய்வுக்கோடு இதுவரை பொறுத்துக்கொள்ளப்பட்டிருக்கும்; இனி அது தொடரியல் பிழை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் சோதனைகளை ஓட்டிப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரெஜெக்ஸை நிரலுக்குள் உருவாக்கும் கட்டுநருக்கு (கன்ஸ்ட்ரக்டர்) ஃபிளாக்குகள் ஒரு மாறி வழியாக, இயங்கும் நேரத்தில் வந்தால் லிண்டரால் அதைக் கணிக்க முடியாது. அத்தகைய இடங்களைத் தேடிப்பிடித்துக் கையால் சரிபாருங்கள். ஃபிளாக் இருந்தாலும் பின்சாய்வுக்கோட்டுடன் வரும் 'டபிள்யூ' தமிழ் எழுத்தைப் பிடிக்காது. 'எல்' என்ற எழுத்துப் பண்பு மட்டும் இருந்தால் 'கு' என்பதில் ககரம் பொருந்தும், உகரக் குறி விடுபடும். 'க்' போன்ற மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளிக்கும் அதே கதி. தமிழ்ப் பெயர்களை ஏற்கும் படிவத்தில் 'எல்' பண்போடு 'எம்' என்ற குறிப் பண்பையும் சதுர அடைப்புக்குள் சேர்த்தே எழுதுங்கள்.