சிறு ஆலைகளுக்குப் புதிய தொழில்நுட்பம்: உதவ வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகிஸ்தானின் சியால்கோட் கால்பந்துத் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற நகரம். வழக்கமான கால்பந்தில் 20 அறுகோணத் துண்டுகளும் 12 ஐங்கோணத் துண்டுகளும் இருக்கும். ரெக்சின் (செயற்கைத் தோல்) தாளிலிருந்து வெட்டும்போது அறுகோணங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்திவிடும். ஐங்கோணங்கள் அப்படிப் பொருந்துவதில்லை என்பதால் இடையிடையே ரெக்சின் வீணாகும். ஐங்கோணங்களை வேறு விதமாக அடுக்கி, இந்தச் சேதாரத்தைக் குறைக்கும் ஒரு டையை (வெட்டும் அச்சை)ப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் வடிவமைத்து, 2012இல் 35 ஆலைகளுக்கு இலவசமாகவே வழங்கினார்கள். 15 மாதங்கள் கழித்து, அவற்றில் 5 ஆலைகள் மட்டுமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன.

டையில் குறை ஏதும் இல்லை. ரெக்சினை வெட்டும் தொழிலாளர்களுக்குத் துண்டுக் கணக்கில் கூலி கொடுக்கப்பட்டதுதான் சிக்கல். புதிய டை பழகும்வரை வெட்டும் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அன்றைய கூலி குறையும். மிச்சமாகும் ரெக்சினின் பயன் முழுவதும் முதலாளிக்கே போகும். ஆகவே தொழிலாளர்கள் அந்த டை சரிப்பட்டு வராது என்று சொன்னார்கள், முதலாளிகளும் நம்பினார்கள். பின்னர், டையைச் சரியாகக் கையாண்டு காட்டும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் தருவதாகச் சில ஆலைகளில் அறிவித்தபோது, அங்கே ஏற்பு குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. டையால் மிச்சமாகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை, முதலாளிகளே கொடுத்திருக்கலாம். கூலி முறையையும் மாற்றலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை.

ஒரே தொழிலைச் செய்யும் சிறு ஆலைகள் ஓரிடத்தில் கூடியிருக்கும் தொழில் குழுமங்களில் உதவ முற்படுவோர் செய்யும் தவறுகளில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்: முதலாளி சம்மதித்துவிட்டால் ஆலையே சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்வது. புதிய முறையால் யாருடைய வருமானம் குறையும், யாருடைய கைத்திறனுக்கு மதிப்புப் போகும், பழகும் காலத்தில் கெட்டுப்போகும் பொருளுக்கு யார் கணக்கில் பிடித்தம் விழும் என்ற கேள்விகளைப் பட்டறைக்குள் நின்று கேட்காதவரை, எவ்வளவு நல்ல கருவியும் மூலையில் தூசி படிந்தே கிடக்கும்.

அடுத்த தவறு, ஆலையின் நிலையை அளந்து பார்ப்பதற்கு முன்பே இயந்திரப் பட்டியலைக் கையில் எடுப்பது. மின்கட்டணம் அதிகம் என்று ஒருவர் சொன்னவுடன் புதிய ஏர் கம்ப்ரசரை (கருவிகளை இயக்கக் காற்றை அழுத்தித் தரும் இயந்திரத்தை)ப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய் இணைப்புகளிலும் வால்வுகளிலும் கசிவு இருந்தால், பராமரிப்பு குறைந்த ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை அப்படியே வெளியேறிவிடுவது உண்டு. தேவைக்கு மேல் வைத்திருக்கும் அழுத்தத்தை ஒரு ‘பார்’ (அழுத்த அலகு) குறைத்தாலே கம்ப்ரசரின் மின்செலவு சுமார் 6 முதல் 7 விழுக்காடு குறையும். இவற்றைச் சரிசெய்ய ஒரு நாள் போதும், கடன் தேவையில்லை. இப்படிப்பட்ட சிறிய வெற்றி ஒன்று கிடைத்த பிறகு, பெரிய முதலீட்டைப் பற்றிப் பேசும்போது அந்த முதலாளி காதுகொடுத்துக் கேட்பார்.

வேறிடத்தில் வெற்றி கண்ட பெரிய ஆலையின் வடிவத்தை அப்படியே கொண்டுவந்து பொருத்துவதும் பலன் தருவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் நகரக் கண்ணாடித் தொழில் இதற்கு நல்ல பாடம். தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பகுதியில் நிலக்கரி பயன்படுத்தக் கூடாது என்று 1996 டிசம்பர் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அங்கிருந்த உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று. வளையல் தொழிலுக்கு ஒரே நேரத்தில் பல நிறக் கண்ணாடி வேண்டும். அதனால்தான் ஒரே உலைக்குள் தனித்தனிப் பானைகளில் உருக்கும் முறை அங்கே நிலைத்திருந்தது. ஒரே நிறத்தைப் பெருமளவில் உருக்கும் தொட்டி உலை எவ்வளவு நவீனமானாலும் அங்கே உதவியிருக்காது. பழைய உலையிலேயே எரிவாயுவைச் செலுத்தியவர்களுக்கு எரிபொருள் மாறியதே தவிர, வீணாவது நிற்கவில்லை. டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் பானை முறையை அப்படியே வைத்துக்கொண்டு, புகையோடு வெளியேறும் வெப்பத்தை மீட்டு உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கும் உலையை வடிவமைத்தது. அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் உள்ளூர்க் கொத்தனார்களும் கற்றுக்கொண்டார்கள். இதில் கொத்தனாருக்குரிய பங்கை அறிக்கைகள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை உற்பத்தியை நிறுத்திவைக்கச் சிறு ஆலையால் முடியாது.

இயந்திரம் வந்து சேர்ந்த நாளையே தொழில்நுட்பம் வந்த நாளாகக் கணக்கில் எழுதுவது இன்னொரு தவறு. வங்கதேசச் செங்கல் சூளைகளில் பல ஏற்கெனவே, சூடான காற்று செங்கல் அடுக்குகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் முறைக்கு மாறியவை. ஆனால் செங்கற்களை அடுக்கும் முறையும் எரிபொருளை இடும் முறையும் பழையபடியே இருந்ததால், எதிர்பார்த்த நிலக்கரிச் சேமிப்பு கிடைக்கவில்லை. 2022-23 பருவத்தில் 276 சூளைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், பயிற்சியும் தொழில்நுட்ப ஆலோசனையும் பெற்ற சூளைகளில் 65 விழுக்காடு சரியான இயக்க முறையை மேற்கொண்டன. எரிபொருளைக் குவியலாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக, இடைவிடாமல் இடுவது போன்ற எளிய மாற்றங்களே அவை. புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

முன்மாதிரி ஆலையைத் தேர்ந்தெடுக்கும்போது குழுமத்திலேயே பெரியதையும் வசதியானதையும் நாடுவது அதிகாரிகளுக்கு எளிது. ஆனால் அங்கே கண்ட பலனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சிறிய முதலாளி, "அவருக்குக் கட்டுப்படியாகும், நமக்கு ஆகாது" என்று முடித்துக்கொள்வார். தம்மைப் போன்ற அளவில், தம்மைப் போன்ற கடன் சுமையோடு நடக்கும் ஆலையில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அந்த ஆலையின் கதவு மற்றவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை உதவி கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் போட்டியாளரை உள்ளே விட யாரும் முன்வரமாட்டார்கள்.

குழுமத்தின் ஆலைகள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையங்களில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் நிதி ஒதுக்கிவிட்டு, ஆபரேட்டரின் சம்பளத்தையும் உதிரிபாகச் செலவையும் யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்காமல் விடுகிறார்கள். போட்டியாளரின் கண்ணில் தம் வடிவமைப்பு பட்டுவிடுமோ என்ற அச்சமும் உறுப்பினர்களிடம் உண்டு. வேலையை வரிசைப்படுத்துவதும் வரைபடங்களைப் பாதுகாப்பதும் சங்க நிர்வாகிகள் அல்லாத ஒருவர் பொறுப்பில் இருந்தால் இந்த அச்சம் பெரிதும் குறையும்.

கடன் விஷயத்தில் இயந்திரத்தின் விலை மட்டுமே பேசப்படுகிறது. டை, ஃபிக்சர் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனம்), மின் இணைப்பு, எர்த்திங் ஆகியவற்றுக்கு ஆகும் செலவும், பழகும் மாதங்களில் உற்பத்தி குறைவதால் ஏற்படும் நடைமுறை மூலதனத் (அன்றாடச் செலவுக்கான பணத்தின்) தட்டுப்பாடும் திட்ட அறிக்கையில் இடம்பெறாவிட்டால், முதல் தவணை கட்டும் நாளிலேயே அந்த முதலாளி பழைய இயந்திரத்தை மீண்டும் ஓட்டத் தொடங்கிவிடுவார். ஆறு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி ஒருமுறை அங்கே சென்று, எந்த இயந்திரம் ஓடுகிறது என்பதை அலுவலக அறையில் கேட்காமல், அதன் முன் நிற்கும் தொழிலாளியிடம் கேட்க வேண்டும்.