பெர்மிட் தொலைந்த காணியை மீட்ட கதை

முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவரின் காணி பெர்மிட் (அரச காணிக்குக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம்) 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. திரும்பி வந்தால், வளவுக்குள் அரச எல்லைக்கல்.

பத்து வருடம் தொடர்ந்து ஆண்டு அனுபவித்த காணி சொந்தம் என்று வழக்காடலாம் என்றார்கள் சிலர். அரச காணியில் அந்த வாதம் எடுபடாது. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த பெர்மிட் என்றால் பிரதேச செயலக லெட்ஜரில் பதிவு இருக்கவேண்டும். கேட்டால், "தேடிப் பார்க்கிறம்" என்று இழுத்தடிப்பு. 2016 தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியே ஆகவேண்டும் (அதிகாரிகளுக்கு இதற்கு மட்டும் கொஞ்சம் பயம் உண்டு).

வந்த பிரதியில் ஓரம் கறையான் அரித்திருந்தது. ஆனால் கணவரின் பெயரும், பின்னுரித்தாளராக (அவருக்குப் பின் காணிக்கு உரியவராக) அம்மாவின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. "தம்பி, இந்தக் கிணறும் அவர் வெட்டினதுதான்" என்றார். கிணற்றையும் காய்க்கிற தென்னைகளையும் படம்பிடித்து, சத்தியக் கடதாசியோடு இணைத்துப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினேன். கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். புதுப் பெர்மிட் பிறகு வந்தது.