அமெரிக்காவில் பாராலீகல் சான்று: சிபி தேர்வுக்குத் தயாராவது எப்படி?

சென்னையிலோ மதுரையிலோ பி.எல். முடித்து, சில ஆண்டு கோர்ட்டுக்கும் போய்விட்டு, திருமணத்துக்குப் பிறகு அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். இங்கே மறுபடி எல்.எல்.எம்., பார் தேர்வு என்று இறங்கப் பணமும் நேரமும் எல்லோருக்கும் அமைவதில்லை. சட்ட அலுவலகத்துக்குள் போக இன்னொரு நல்ல வாசல் பாராலீகல் வேலை, அதாவது வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்டப் பணிகளைச் செய்யும் உதவியாளர் வேலை. அந்த வேலைக்கு நாடு முழுக்க அறியப்பட்ட சான்றுகளில் ஒன்று, நாலா என்ற பாராலீகல் சங்கம் 1976 முதல் நடத்திவரும் தேர்வு. இன்று அதன் பெயர் ‘சர்டிஃபைட் பாராலீகல்’, சுருக்கமாக சிபி. பி.ஏ., பி.காம். படித்தவர்களும் எழுதலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் சில மாதம் படித்துவிட்டு வாங்கும் சான்றிதழ் வேறு, தேர்வு எழுதிப் பெறும் சிபி வேறு. அமெரிக்க பார் அசோசியேஷன், அதாவது ஏபிஏ, படிப்புகளை அங்கீகரிக்கிறது. தனிநபருக்குச் சான்று தருவதில்லை. ‘ஏபிஏ சான்று பெற்ற பாராலீகல் ஆகுங்கள்’ என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது (பிசினஸ் அண்ட் புரொஃபெஷன்ஸ் கோட், பிரிவு 6450). ஏபிஏ அங்கீகரித்த படிப்பு, அல்லது சட்டப் பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் கொண்ட தகுதியான படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டத்தோடு தகுதியுள்ள கலிஃபோர்னியா வழக்கறிஞரின் கீழ் ஓராண்டு அனுபவமும் அவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். சிபி மட்டும் இருந்தால் அங்கே போதாது. வட கரோலினா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் தனியாக மாநில அளவிலான பதிவோ சான்றோ உண்டு. எந்த ஊரில் வேலை தேடப் போகிறீர்களோ, அந்த மாநில விதியிலிருந்து தொடங்குங்கள்.

எந்தத் தகுதியில் விண்ணப்பிப்பது?

சிபி எழுதச் சில வழிகள் உண்டு. பாராலீகல் படிப்பு முடித்தவர்கள் அதன் பேரில் விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லாதவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம் தேவை. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது நடுவில் உள்ள வழி: எந்தத் துறையிலாவது இளநிலைப் பட்டம், கூடவே வழக்கறிஞர் மேற்பார்வையில் ஓராண்டு பாராலீகல் அனுபவம். அனுபவம் இல்லையா? பாராலீகல் பாடங்களில் 15 செமஸ்டர் மணி நேரம் (கல்லூரி கிரெடிட் கணக்கு) படித்து முடித்தால் அதையே ஓராண்டு அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள்.

வேலை அனுமதி கைக்கு வராமல் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்களுக்கு இந்த 15 மணி நேர வழிதான் சரியானது. எச்-4-ல் படிக்கத் தடையில்லை. வேலை பார்க்கத்தான் ஈஏடி எனும் வேலை அனுமதி அட்டை வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் பொதுவாக 3 மணி நேரம். ஆக ஐந்து பாடம் போதும். லீகல் ரிசர்ச் அண்ட் ரைட்டிங், சிவில் லிட்டிகேஷன், எதிக்ஸ் மூன்றையும் விடாதீர்கள். தேர்வுக்கும் அவையே கைகொடுக்கும். ‘சம்பளம் வாங்காமல் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து அனுபவம் சேர்க்கிறேன்’ என்று கிளம்புவது ஆபத்து. அதையும் வேலை என்று குடியேற்றத் துறை கருதலாம். இமிக்ரேஷன் வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

இந்தியப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எடுக்கும்போது கவனம். மூன்றாண்டு பி.ஏ., பி.காம். பட்டத்தை இங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாகச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. பட்டத்துக்கு மேல் பி.எல். முடித்தவர்கள், ஐந்தாண்டு சட்டப் படிப்புக்காரர்கள் எல்லா ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த நிறுவனத்தின் அறிக்கை செல்லும் என்று நாலாவுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது பெயர். பட்டச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர் என்று நம் ஆட்களுக்கு மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வேறு வந்து உட்கார்ந்திருக்கும். தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். பெயர் ஒத்துவராமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணமும் போகும், தேதியும் போகும்.

முதல் தாள்

அறிவுத் தேர்வு 120 கேள்விகள், 3 மணி நேரம், எல்லாம் கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுப்பது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். அமெரிக்கச் சட்ட அமைப்பு, சிவில் வழக்கு நடைமுறை, ஒப்பந்தம், தொழில் ஒழுக்கம் இந்த நான்கும் தலா 15 சதவீதம். தாளில் பாதிக்கு மேல் இவைதான். கம்பெனிச் சட்டம், சொத்து, டார்ட் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) தலா 10. கிரிமினல், உயில் இரண்டும் தலா 5 மட்டுமே. ஊரில் கிரிமினல் சைடு பார்த்தவர்கள் பழக்கத்தில் அதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தை ஒழுக்க விதிகளுக்குக் கொடுங்கள்.

நம் சட்டம் தெரிந்திருப்பது பாதி உதவி, பாதி இடைஞ்சல். இந்திய சிவில் நடைமுறைச் சட்டப்படி எதிர்த்தரப்புக்கு எழுத்து வினாக்கள் அனுப்ப நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று படித்திருப்போம். அமெரிக்க ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 33-ன்படி 25 வரை அனுமதி கேட்காமலே அனுப்பலாம். பழைய உதவிக்குக் கைமாறாகத் தரும் வாக்குறுதி இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25-ல் செல்லும்; இங்கே பொதுவாகச் செல்லாது. 500 டாலரோ அதற்கு மேலோ உள்ள சரக்கு விற்பனைக்குப் பொதுவாக எழுத்து ஆதாரம் வேண்டும்.

நாள் கணக்கை மட்டும் தினமும் போட்டுப் பாருங்கள். சம்மன் சார்வான (பிரதிவாதிக்கு முறைப்படி வழங்கப்பட்ட) நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். நடுவில் வரும் சனி, ஞாயிறும் சேரும். கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். மார்ச் 3 சனிக்கிழமை சார்வானால், பதிலுரைக்கான 21 நாள் மார்ச் 24 சனியில் முடிகிறது. ஆகவே கடைசி நாள் 26 திங்கள். அதே மார்ச் 3 அன்று எழுத்து வினாக்களைத் தபாலில் சேர்த்தால், பதிலுக்கான 30-வது நாள் ஏப்ரல் 2. தபாலுக்கான 3 நாள் சேர்த்து ஏப்ரல் 5. மின்னணு முறையில் அனுப்பினால் அந்த 3 நாள் 2016 டிசம்பரிலிருந்து கிடையாது. பழைய புத்தகங்களில் இன்னும் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஒழுக்கக் கேள்விகளில் சிக்குவதற்குக் காரணம் ஊர்ப் பழக்கம். வக்கீல் ஊரில் இல்லை. கட்சிக்காரர் போனில் கூப்பிட்டு ‘இதில் கையெழுத்துப் போடலாமா?’ என்கிறார். நம் ஊர் சீனியர் குமாஸ்தா தயங்காமல் பதில் சொல்வார். இங்கே பாராலீகல் சொன்னால் அது சட்ட ஆலோசனை, அதாவது உரிமமில்லாத வழக்கறிஞர் தொழில். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வழக்கறிஞரிடம் சேர்ப்பதே சரியான விடை. அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே கட்சிக்காரரிடம் தெரிவிக்கலாம். கட்டணம் பேசுவது, வழக்கை ஏற்பது, வாதாடுவது எதுவும் உங்கள் கையில் இல்லை.

இரண்டாம் தாள்

முதல் தாளில் தேறிய பிறகே திறன் தேர்வு. 2 மணி நேரம், கணினியில் தட்டச்சு செய்யும் ஒரே எழுத்து வேலை. கொடுத்த சம்பவத்தையும் சட்டத்தையும் வைத்து ஒரு மெமோ எழுதுவது போன்ற பணி. வெளியே படித்த சட்டத்தை உள்ளே கொண்டுவராதீர்கள். முதல் 20 நிமிடம் படிக்க, 15 நிமிடம் குறிப்பெடுக்க, ஒரு மணி நேரம் எழுத, மிச்சம் திருத்த. கேள்வி, சுருக்க விடை, சம்பவம், அலசல், முடிவு என்ற வரிசை நல்லது. நம்மவர்கள் மதிப்பெண் இழப்பது ‘மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ நடை, அரைப்பக்க வாக்கியம், ஆங்கிலத்தில் ‘ஏ’, ‘தி’ (a, the) விடுபடுவது ஆகியவற்றில். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். பாதகமான உண்மையை மறைக்காமல் எழுதுங்கள். மெமோ வக்கீலுக்கானது, நீதிபதிக்கானது அல்ல.

சிபி கிடைத்ததும் 5 ஆண்டுக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர் கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதில் 5 மணி நேரம் ஒழுக்கப் பாடம். ஒவ்வொரு வகுப்பின் சான்றையும் அன்றைக்கே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். லிங்க்ட்இன்னில் பழைய ‘அட்வகேட்’ பட்டத்தை அப்படியே விட்டுவைக்காமல், ‘இந்தியாவில் பதிவு பெற்றவர், அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் இல்லை’ என்று மாற்றுங்கள்.