பழைய டிராக்டரில் கியர் விழ மறுக்கிறதா? பெட்டியைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரோடு தோட்டப் பாதையின் நடுவில் நிற்கிறீர்கள். கிளட்சை மிதித்துக் கியர் போட்டால் பற்கள் உரசிக் கத்துகின்றன. கியர் பெட்டி போய்விட்டது என்றுதான் உடனே தோன்றும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானில் என் மாமாவின் மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டருக்கும் ஒரு பட்டறையில் இதையே சொன்னார்கள். பெட்டியைத் திறந்தார்கள், பற்கள் ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை. கிளட்ச் பெடலின் தளர்வு அளவுக்கு மீறிப் போயிருந்தது, அவ்வளவுதான். அரை மணி நேர வேலைக்கு வண்டி பல நாள் கிடந்தது. வெட்டிய குலைகள் பாத்தி ஓரத்தில் கிடந்து கெட்டன. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. சமதரையில் நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றி, கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இறங்காமல் நின்றால் பலம் காட்டாதீர்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் பல் நேருக்கு நேர் முட்டி நிற்பது இயல்பு. கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கட்டையை எடுத்து வண்டியைச் சற்றே நகர்த்திவிட்டு, மறுபடி கட்டை வைத்துப் போட்டால் இறங்கிவிடும். அணைத்த நிலையில் எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் உரசினால், குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. மிதித்த பிறகும் கியர் பெட்டிக்கு விசை கொடுக்கும் கிளட்ச் தட்டு இன்ஜினோடு சுழன்றுகொண்டே இருக்கிறது. அணைத்த பின்னும் கியர் கம்பி (கையால் கியர் மாற்றும் கம்பி) இறுகியே இருந்தால் அந்தக் கம்பி, அதன் கீழுள்ள தண்டுகள், எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, அதாவது இன்ஜின் ஓடும்போது மட்டும் உரசல் என்றால், கிளட்ச் பெடலின் வெற்று நகர்வை அளந்து பாருங்கள். கையால் மெதுவாக அழுத்தும்போது எதிர்ப்பு தோன்றும் வரை பெடல் சும்மா இறங்கும் தூரமே அது. பல பழைய வண்டிகளில் இது ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதி. நகர்வு அதிகமானால் மிதியின் பெரும்பகுதி வீணாகி, தட்டு பிரியாது. சுத்தமாக இல்லாமல் போனால் கிளட்சை அழுத்திப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழன்று தேயும், கிளட்ச் வழுக்கும். ஆகவே கியர் இலகுவாக விழட்டும் என்று அளவை மீறி இறுக்கிவிடாதீர்கள். சில வண்டிகளில் பெடலின் இணைப்புக் கம்பியும் அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டும் இருக்கும். சிலவற்றில் ஒரு போல்ட்டைத் தளர்த்தி நெம்புகோலின் நிலையை மாற்ற வேண்டும். அரைச் சுற்றுத் திருப்புங்கள், அளந்து பாருங்கள், மறுபடி திருப்புங்கள். அதற்கு முன் இணைப்புகளில் உள்ள பின்களை (இணைப்பு ஆணிகளை) ஆட்டிப் பாருங்கள். பின்னும் துளையும் தேய்ந்திருந்தால் எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. பின்னை மாற்றி கிரீஸ் வையுங்கள்.

இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலின் முதல் பாதி சக்கரங்களுக்குப் போகும் விசையை நிறுத்தும்; முழுதாக மிதித்தால்தான் பின்னால் மாட்டும் கருவிகளுக்கு விசை தரும் பிடிஓ தண்டும் நிற்கும். புதிதாக ஓட்டுபவர்கள் இதை அறியாமல் குழம்புவதுண்டு.

அளவு சரியாக இருந்தும் உரசுகிறதா? வண்டி மழைக்காலத்தில் பல வாரம் சும்மா நின்றதா என்று யோசியுங்கள். நம் ஊர் ஈரத்தில் தட்டு துருப்பிடித்து இன்ஜினின் சுழல்சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கும் வேலையை அனுபவமுள்ள ஓட்டுநரிடம் விடுங்கள். வண்டி திடீரெனப் பாயக்கூடும். நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை அழுத்திய நிலையில் மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து வைப்பது பழைய வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வகைக்கு, அதாவது அணைத்த பின்னும் கியர் கம்பி இறுகியிருப்பதற்கு, வருவோம். கியர் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும், தண்டுகள் துருவேறும். கியர் பெட்டியின் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் இன்ஜினைத் தொடும் முன் வடிகால் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். இரவில் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். அந்த எண்ணெயை முழுதும் வடித்து மாற்றுங்கள், உறையையும் மாற்றுங்கள். 135இல் கியர் பெட்டியும் பின்பக்கக் கருவிகளைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் ஹைட்ராலிக் திணறும். கையேடு கேட்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். குளிரில் எண்ணெய் இறுகுவதாலும் கியர் கடினமாகும் என்று மேலைநாட்டு விளக்கங்களில் படித்திருப்பீர்கள். பேராக்கில் அந்தக் கவலை நமக்கு இல்லை.

வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு போன்ற கருந்துகள் சாதாரணம். பல்லின் துண்டு ஒட்டினால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் கிளட்ச் தட்டு வளைந்திருக்கலாம், கியர் பெட்டித் தண்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். அதற்கு வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தொடக்கநிலையில் தனியாக முயலாதீர்கள். முன்னச்சு ஆடாமல் இருபுறமும் ஆப்பு வைக்காமல் பிரித்தால் இன்ஜின் பாதி சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். பழைய கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றழுத்தத்தால் ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிரித்த கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டையும் புதிதாக மாற்றிவிடச் சொல்லுங்கள்.