நியூட்ரான் போடும் வேடம்: கரும்பொருள் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருளைக் கரும்பொருள் (dark matter) என்கிறோம். பெங்களூர்த் தமிழர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் கோலார் தங்கவயலுக்குப் போய்விடுவார். அங்குள்ள மாரிக்குப்பத்தில் ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவராக இருப்பார். பெருமைப்பட நியாயம் உண்டு. 1965-ல் அந்தச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்து எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகளைப் பதிவு செய்தார்கள். ஆனால் அங்கே சிக்கியது கரும்பொருள் அல்ல. அணுக்கருவுக்குள் இருக்கும் மின்னூட்டமற்ற துகளான நியூட்ரானும் அல்ல. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் முதல் தவறு.

நியூட்ரானைப் பிடித்தால் கரும்பொருள் கிடைத்துவிடும் என்பது அடுத்தது. உண்மை நேர் எதிர். கரும்பொருள் துகள் என்று ஒன்று இருந்து, அது ஓர் அணுக்கருவில் மோதினால், அந்தக் கரு லேசாக உதைபட்டு நகரும். நியூட்ரான் மோதினாலும் அதேதான் நடக்கும். காமா கதிரைப் பிரித்தறிய வழியிருக்கிறது, அது எலக்ட்ரானைத்தான் உதைக்கிறது. நியூட்ரானோ அசலைப் போலவே வேடம் போடும். நியூட்ரான் கருவிகளை வைப்பது அந்த வேடத்தைக் கலைக்கத்தான்.

‘ஆழமாகப் போய்விட்டால் போதும்’ என்பதைத்தான் அதிகம் கேட்கிறேன். விண்கதிர்களால் வளிமண்டலத்தில் பிறந்து மேலிருந்து வரும் மியூவான் என்ற துகள்களைப் பாறை வடிகட்டும், சரி. அந்தப் பாறையிலேயே யுரேனியமும் தோரியமும் இருக்கின்றனவே! அவை உமிழும் ஆல்ஃபா துகள் பக்கத்திலுள்ள இலேசான அணுக்கருவில் பட்டு நியூட்ரானைக் கிளப்புகிறது. ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 555 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நம் ஆய்வகமே ஒரு யுரேனியச் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது. சுவரை விடுங்கள், கருவியின் எஃகும் திருகாணியும்கூடச் சந்தேகத்துக்குரியவை. கதிரியக்கத்தை அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

ஈயத்தை அடுக்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. ஈயம் காமாவைத் தடுக்கும். நியூட்ரான் அதில் பெரிதாக வேகம் குறையாமல் தெறிக்கும். கோலிக்குண்டு அம்மிக்கல்லில் பட்டால் திரும்பித் துள்ளும், இன்னொரு கோலியில் நேராகப் பட்டால் நின்றுவிடும், அல்லவா? நியூட்ரானுக்குச் சம எடைக் கோலி ஹைட்ரஜன். ஆகவே தண்ணீர், பாலிஎதிலீன். போதாக்குறைக்கு, மியூவான் ஈயத்தில் மோதினால் புதிய நியூட்ரான்களே பிறக்கும்.

அமெரிக்காவின் தெற்கு டகோடாவில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் எல்இசட் என்ற கரும்பொருள் தேடும் கருவியில் ஏழு டன் திரவ செனான் விழித்திருக்கிறது. அதைச் சுற்றிக் கடோலினியம் என்ற உலோகம் கலந்த ஒளிர்திரவம், அதாவது துகள் பட்டால் ஒளிரும் திரவம். துகள் மோதினால் செனானில் ஓர் ஒளி மின்னல். சற்றுப் பின் கடோலினியம் நியூட்ரானை விழுங்கி இன்னொரு மின்னலைக் காட்டினால், அந்தப் பதிவைத் தள்ளிவிடுகிறார்கள். செனானுக்குள்ளேயே இரண்டு இடத்தில் மோதியிருந்தாலும் தள்ளுபடிதான். கரும்பொருள் ஒரு முறை மோதுவதே அபூர்வம்.

பூமி சூரியனைச் சுற்றுவதால் கரும்பொருள் மோதலும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. அதற்காக அப்படியொரு சமிக்ஞையைக் கண்டதும் துள்ளுவதும் வேண்டாம். கோடையில் மேல்வளி சூடேறினால் மியூவான் எண்ணிக்கையும், அவை கிளப்பும் நியூட்ரானும் கூடும். இத்தாலியின் டாமா குழு சோடியம் அயோடைடு படிகங்களில் அப்படியொரு ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகளாகக் காட்டி, அது கரும்பொருள்தான் என்கிறது. அதே வகைப் படிகத்தை வைத்து ஸ்பெயினிலும் தென் கொரியாவிலும் பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை.